பஸ்ஸே வீடு, சைக்கிளை எங்கே வைப்பது? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் மனைவியும் பழைய றோசா பஸ் ஒன்றை வீடாக்கி அதிலேயே இருக்கிறோம். தோட்டங்களில் தண்ணீர் பம் திருத்துவது என் தொழில். அதனால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எங்கள் வீடு மாறி மாறி நிற்கும். பின்னால் இரண்டு சைக்கிள் தொங்கும். போகுமிடமெல்லாம் அந்த இரண்டு சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வான் ஒன்றில் சில மாதம் சுற்றும் குடும்பங்கள், அறுவடைக்கு வெட்டு மெசினோடு ஊர் ஊராகப் போகிறவர்கள், லொறியிலேயே படுத்தெழும்பும் வியாபாரிகள் என்று பலர். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

இவ்வளவு பெரிய வண்டி இருக்கும்போது சைக்கிள் எதற்கு?

வீடு ஓரிடத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான். சைக்கிள் இல்லாவிட்டால் ஒரு றாத்தல் பாண் வாங்கவும் வீட்டையே கிளப்பவேண்டும். உடுப்புக்கொடியை அவிழ்த்து, அடுப்பை அணைத்து, பாத்திரம் எல்லாம் அடுக்கி, பிறகுதான் திறப்பைப் போடலாம்.

அதோடு வன்னியின் வீதிகளையும் பாருங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 காப்பெற் வீதி. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும் ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோமீற்றர், பெரிய வண்டிக்குப் பயமில்லை. ஆனால் வேலையும் சொந்தக்காரரும் இருப்பது அந்த வீதிகளிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதைகளிலும் குளக்கட்டுகளிலும் வாய்க்கால் கரைகளிலும். மாரியில் நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்து உள்வீதியில் பஸ் புதைந்தால் ட்ரக்டர் பிடித்துத்தான் இழுக்கவேண்டும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டும் கடக்கலாம். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் இதை யாருக்கும் விளக்கத் தேவை இருக்கவில்லை. அப்போது சைக்கிளின் விலை ஏறிய ஏற்றமே சொல்லும்.

பின்னாலா, கூரையிலா, உள்ளேயா? எங்கே வைப்பது நல்லது?

ஓடும்போது பின்னால், இரவில் முடிந்தால் உள்ளே. என் முடிவு இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள்.

கூரை பார்க்க நல்ல இடம் போலத் தெரியும். வெறுமனே கிடக்கிற இடம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு சாதாரண லுமாலா சைக்கிள் 18 கிலோ அளவில் வரும். ஏணியில் நின்றுகொண்டு அதைத் தலைக்கு மேலே தூக்குவது இடுப்புக்கு ஆகாது. முதல் கிழமை தூக்குவீர்கள், அப்புறம் சைக்கிள் மேலேயே கிடக்கும், நீங்கள் கடைக்கு பஸ்ஸை எடுப்பீர்கள். இன்னொன்று, வன்னியின் ஒழுங்கைகளில் புளியும் பாலையும் வேம்பும் கொப்புகளைத் தாழ விட்டிருக்கும். பஸ்ஸின் உயரத்தை மனதில் வைத்து ஓட்டுகிற கை, மேலே நிற்கும் சைக்கிளின் ஹாண்டிலை மறந்துபோகும். வீட்டுக்கு வீடு தாழ இழுத்த மின்கம்பியும் உண்டு. கூரையைத் தவிருங்கள்.

பின்பக்கம் வசதியானது, ஆனால் கணக்குப் பார்க்கவேண்டும். இரண்டு சைக்கிளும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து 50 கிலோ என்று வையுங்கள். அது பின்அச்சிலிருந்து 2 மீற்றர் பின்னால் தொங்குகிறது, முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையில் 4 மீற்றர் என்றால், பின்அச்சில் ஏறும் பாரம் 75 கிலோ. முன்அச்சிலிருந்து 25 கிலோ குறைகிறது. நின்றபடி இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. பள்ளத்தில் சில்லு விழுந்து எழும்பும்போது வண்டியின் வால் முனைதான் அதிகம் துள்ளும். அந்த நேரம் சட்டத்தில் விழும் இழுவை இரண்டு மூன்று மடங்காகிவிடும். பம்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. தகரத்தை மடித்த பம்பரில் சட்டத்தை ஒட்டினால், வெல்டிங் விடாது, பம்பரே கிழியும். சேசிஸின் இரண்டு பெரிய பார்களின் முனையிலிருந்து சட்டம் வரவேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ட்ரக்டர் பெட்டி செய்யும் பட்டறைகளில் இந்த வேலையை நன்றாகச் செய்வார்கள். சேசிஸில் நேரே வெல்டிங் வேண்டாம், துளைபோட்டுப் போல்ட்டால் பூட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் குறையும், பிறகு கழற்றவும் முடியாது.

மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பின் நம்பர் பிளேட் மறையக்கூடாது. பிறேக் லைட்டும் சிக்னலும் மறையக்கூடாது. பின்கதவோ அவசர வழியோ அடைபடக்கூடாது. உள்ளே காஸ் அடுப்பு வைத்துச் சமைத்துத் தூங்குகிற வண்டியில் இரண்டாவது வழி இல்லாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. சட்டத்துக்கு ஒரு பக்கம் கீல் வைத்து, கதவுபோல விலகும்படி செய்விக்கலாம். உள்ளே இருந்தும் அதைத் தள்ளித் திறக்க முடியவேண்டும்.

வண்டியின் முன்னால் மாட்டுவதைச் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ரேடியேற்றருக்குக் காற்றுப் போகாது, வன்னி வெயிலில் எஞ்சின் கொதிக்கும், பார்வையும் மறைபடும்.

உள்ளே வைப்பது களவுக்கும் மழைக்கும் மிகச் சிறந்தது. முன்சில்லைக் கழற்றி, ஃபோர்க்கை ஒரு பலகையில் இறுக்கினால் இரண்டு சைக்கிள் கட்டிலுக்குக் கீழே அல்லது நடுவழியில் அடங்கும். ஓடும்போது உள்ளே வைப்பதானால் கட்டாயம் கட்டுங்கள். சடாரென்று பிறேக் பிடித்தால் கட்டாத சைக்கிள் முன்னால் இருப்பவரின் முதுகில்தான் வந்து நிற்கும்.

கனடாவிலிருந்து மச்சான் சைக்கிள் தாங்கி ஒன்று அனுப்புகிறார். இங்கே பொருந்துமா?

பெரும்பாலும் நேரே பொருந்தாது. வட அமெரிக்காவில் வீட்டு வண்டிகளின் பின்னால் இழுவைக்கான சதுரக் குழாய் இருக்கும், 2 அங்குலம் அல்லது ஒன்றேகால் அங்குலம். அங்கே விற்கும் தாங்கிகள் அந்தக் குழாய்க்குள் செருகுவதற்காகச் செய்தவை. எங்கள் வான்களிலும் றோசாவிலும் அந்தக் குழாய் கிடையாது. பட்டறையில் அதே அளவில் ஒரு சதுரக் குழாயைச் சேசிஸோடு பொருத்தினால் பாவிக்கலாம்.

அனுப்புவதற்கு முன் மச்சானிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: அந்தத் தாங்கி காருக்கா, வீட்டு வண்டிக்கா? காருக்கென்று விற்கும் பல தாங்கிகளின் பெட்டியிலேயே வீட்டு வண்டிக்குப் பாவிக்கவேண்டாம் என்று போட்டிருக்கும். நீளமான வண்டியின் வால் காரைவிட அதிகம் ஆடும் என்பதே காரணம். சில்லைத் தாங்கும் வகையாக இருந்தால் நல்லது. பாரில் தொங்கவிடும் வகையில் எங்கள் லேடிஸ் சைக்கிளைத் தொங்கவிட இடமே இராது, மட்காட்டும் கரியரும் ஒன்றோடொன்று இடித்துப் பெயின்ற் உரியும்.

எந்தப் பூட்டு வாங்கலாம்?

பின்சில்லில் வரும் வளையப் பூட்டு கடைவாசலில் ஐந்து நிமிடம் நிறுத்துவதற்குச் சரி. அது சில்லைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போகிறவனைத் தடுக்காது. பிளாஸ்ரிக் உறை போட்ட கம்பிப் பூட்டை நம்பவேண்டாம். சின்னக் கட்டர் ஒன்றால் சில நொடியில் வெட்டலாம்.

இரவுக்கு யு வடிவப் பூட்டு, அல்லது கடினப்படுத்திய இரும்புச் சங்கிலியும் நல்ல ஆமைப்பூட்டும். சங்கிலியின் வளையம் 8, 10 மில்லிமீற்றர் என்றால் நீண்ட பிடியுள்ள கட்டர் வெட்டிவிடும். 13 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் கைக்கட்டருக்குச் சுலபத்தில் அடங்காது. அது பாரமானதுதான், ஆனால் சைக்கிளில் கொண்டுதிரிய வேண்டியதில்லையே, பஸ்ஸின் சட்டத்திலேயே கிடக்கட்டும். ஹார்ட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் சாதாரணச் சங்கிலி மாடு கட்டவும் கேற் பூட்டவும் உள்ளது. தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடினப்படுத்தாத இரும்பை இரும்பறுக்கும் வாளால் அறுக்கலாம்.

பூட்டும் முறை பூட்டைவிட முக்கியம். பிரேமும் ஒரு சில்லும் சேர்ந்து பூட்டுக்குள் வரவேண்டும். பூட்டுக்குள்ளே இடம் குறைவாக இருந்தால் நெம்புகோல் நுழையாது. பூட்டு நிலத்தில் கிடக்கக்கூடாது, நிலத்தில் கிடந்தால் சுத்தியலுக்கு அதுவே பட்டடை. திறப்புத் துளை கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருந்தால் மழைத் தண்ணியும் புழுதியும் இறங்காது. வன்னிப் புழுதிக்கு இரண்டு மாதத்தில் பூட்டு இறுகும். கிறீஸ் போடாதீர்கள், அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பென்சில் கரியைச் சுரண்டி உள்ளே ஊதினால் போதும்.

முன்சில்லு கையால் நெம்பிக் கழற்றும் வகையானால் அந்த நெம்பை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டுப் போடுங்கள்.

எதோடு சேர்த்துப் பூட்டுவது?

வண்டியோடு. சேசிஸில் போல்ட் போட்ட தடித்த இரும்பு வளையம் ஒன்று பின்னாலும், கதவுக்குக் கிட்ட இன்னொன்றும் இருந்தால் வேறெதையும் தேடவேண்டாம். கூரைக்கு ஏறும் அலுமினிய ஏணியில் பூட்டுவதைக் காண்கிறேன். நாலு ஸ்குறூவைக் கழற்றினால் ஏணியும் சைக்கிளும் ஒன்றாகப் போகும்.

வேலியில் பூட்டாதீர்கள். கதியால் நட்ட வேலி பார்க்க உறுதியாக நிற்கும், புதிதாக நட்ட கதியால் ஒரு ஆள் இழுத்தால் வேரோடு வந்துவிடும். முட்கம்பிக் கட்டையும் அப்படித்தான், கம்பி வெட்டினால் கட்டைக்கு மேலால் சங்கிலியைக் கழற்றலாம். பனையைச் சுற்றிப் பூட்டுவதானால் நீளமான சங்கிலி வேண்டும், மரம் நன்றாகப் பிடிக்கும்.

இரவில் எங்கே நிறுத்தினால் பயமில்லை?

ஆட்கள் இருக்கிற இடத்தில். பூட்டைப் பற்றி இவ்வளவு எழுதியும் சொல்கிறேன், ஊரில் உங்களைத் தெரிந்த நாலு பேர் இருப்பதுதான் பெரிய காவல். வன்னியில் ஒரு வளவுக்குள் வண்டி விடக் கேட்டு, முகத்தில் அடித்தாற்போல மறுத்தவர்கள் மிகக் குறைவு. "அம்மா, இண்டைக்கு ஒரு இரவு இதுக்குள்ளை பஸ்ஸை விடலாமோ? பம் திருத்திற ஆக்கள்" என்று கேட்டால், "விடுங்கோ தம்பி, கிணத்தடியிலை தண்ணி இருக்கு, குளிச்சிட்டு வாங்கோ" என்றுதான் பதில் வரும். அந்த வீட்டு நாய்க்கு ஒரு துண்டு பாண் போட்டுப் பழகிவிட்டால் இரவுக்கு மணியும் தயார்.

வளவு கிடைக்காவிட்டால் கோயில் வெளி, தேவாலய வளவு, பள்ளிக்கூட மைதானம். பொறுப்பானவரைக் கண்டு கேட்ட பிறகே நிறுத்துங்கள். பெற்றோல் செட்டில் வெளிச்சம் இருக்கும், ஆனால் இரவு முழுக்க ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே சைக்கிளை உள்ளே எடுத்துவிடுங்கள். வீதியோரத்தில் தனியாக நிற்பதை நான் விரும்பமாட்டேன். களவுக்காக மட்டும் சொல்லவில்லை, ஏ9 இல் இரவில் ஓடும் லொறிகளின் வேகம் அப்படி.

ஒரே ஊரில் சில நாள் தங்குவதானால் கிராம சேவையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். "ஆர் இவை?" என்று யாரும் கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

சைக்கிளைப் பற்றைக்குள் மறைத்து வைத்துவிட்டு நடந்து போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். மற்ற நாடுகளில் காட்டோரம் நிறுத்திவிட்டு சைக்கிளைப் பற்றைக்குள் தள்ளிவிடுவது சாதாரணமாக இருக்கலாம். இது போர் நடந்த நிலம். மிதிவெடி அகற்றும் வேலை 2009 க்குப் பிறகு ஆண்டுக்கணக்காக நடந்து பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது என்றாலும், எல்லா இடமும் முடியவில்லை. முகமாலை வெளியைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் ஒரு அடி கூட அப்பால் வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றையாக இருந்தாலும், ஊர் ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் இடத்தை நினைவில் வைத்துப் பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள். சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கலாம்.

யானை, குரங்கு?

யானைக்குச் சைக்கிளில் ஆசை இல்லை. சைக்கிளின் கரியரில் கட்டிய நெல் மூடை, வாழைக்குலை, உப்பு, இவற்றில்தான் ஆசை. காட்டோரக் கிராமங்களில் இரவு தங்கினால் தின்கிற பொருள் எதையும் வெளியே சைக்கிளில் விடாதீர்கள். மாலை மங்கிய பிறகு காட்டு வீதியில் சைக்கிள் ஓடவும் வேண்டாம். ஊரவர் எந்த நேரத்தோடு வீடு திரும்புகிறார்களோ அந்த நேரம் நீங்களும் திரும்புங்கள்.

குரங்கு வேறு. சீற்றின் ரெக்சின் உறையையும் ஹாண்டில் பிடியின் ரப்பரையும் பகலிலேயே பிய்த்து எறிந்துவிடும். மடுப் பக்கம் நிறுத்துகிறவர்கள் ஒரு பழைய சாக்கைச் சீற்றில் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

திருவிழாக் கூட்டத்தில் என்ன செய்வது?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும், ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கும் பெரிய வண்டியைக் கிட்டக் கொண்டுபோகவே முடியாது. தூரத்தில் விட்டுவிட்டுச் சைக்கிளில் போவதுதான் சுகம். அங்கே வளவுகளில் சைக்கிள் பாதுகாப்பு போட்டிருப்பார்கள். ஒரு சீட்டுத் துண்டை ஹாண்டிலில் கட்டி, மற்றத் துண்டை உங்களிடம் தருவார்கள். சின்னக் காசுதான், கொடுங்கள். அங்கே விட்டாலும் உங்கள் பூட்டையும் போடுங்கள், துண்டை சைக்கிள் பையிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். மடுவில் நாள்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் பக்கத்துக் கூடாரத்துச் சைக்கிளோடு சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டலாம். நாலைந்து சைக்கிளை ஒன்றாகத் தூக்க ஆளில்லை.

வெளியிலேயே கிடக்கும் சைக்கிள் துருப்பிடிக்காமல் இருக்க?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம். கள்ளன் கொண்டுபோகும் சைக்கிளைவிட, உப்பும் புழுதியும் தின்கிற சைக்கிள்தான் அதிகம். வண்டியின் பின்னால் தொங்கும் சைக்கிளுக்கு வீட்டுத் திண்ணையில் நிற்கும் சைக்கிளுக்கு இல்லாத மூன்று துன்பம் உண்டு. பின்சில்லு கிளப்பும் புழுதி எல்லாம் அதன்மேல்தான் சுழன்று விழும். புகைக்குழாயின் சூடு கிட்ட இருக்கும் ரயரை வெதுப்பும். மழை எந்தப் பக்கத்தாலும் அடிக்கும்.

சோளகக் காலத்தில், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, புழுதிதான் எதிரி. எண்ணெய் வழியவிட்ட செயினில் கிரவல் புழுதி ஒட்டினால் அது அரம் மாதிரி பற்களைத் தேய்க்கும். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிட்டு, கண்ணி ஒவ்வொன்றிலும் மெசின் எண்ணெய் ஒரு துளி மட்டும் விட்டு, வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய், நாயாறு என்று கடலோரம் நின்றால் உப்பு. பூநகரிப் பக்கமும் சங்குப்பிட்டிப் பாலத்தில் வீசுகிற காற்றும் அதுதான். கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணியால் கழுவுங்கள். பலர் பிரேமைப் பளபளவென்று கழுவி, நட்டுகளையும் கம்பிகளின் அடியையும் விட்டுவிடுவார்கள். துரு அங்கேதான் தொடங்கும். வேகமாகப் பீச்சும் தண்ணியைச் சில்லின் நடுவிலும் பெடல் அச்சிலும் அடிக்காதீர்கள், உள்ளேயுள்ள கிறீஸ் போய்விடும். சீற் குழாய் பிரேமுக்குள் போகும் இடத்தில் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். அது ஒருமுறை உப்பில் பிடித்துக்கொண்டால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. உறை போடுவது நிற்கும்போது மட்டும். ஓடும்போது போட்ட உறை காற்றில் அடித்து அடித்துப் பெயின்றை உரிக்கும், கடைசியில் அதுவும் கிழியும். தறப்பாளால் நிலம் வரை மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்து இன்னும் துருப்பிடிக்கும். கீழ்ப்பக்கம் ஒரு முழமாவது திறந்து விடுங்கள். இரணைமடு வான்கதவு திறக்கும் காலத்தில் குளத்துக்குக் கீழே, வாய்க்காலோரம் பள்ளத்தில் நிற்காதீர்கள். 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் ஏறியது. அப்படி நேரத்தில் சைக்கிளை நிலத்தோடு பூட்டியிருந்தால் இருட்டில் திறப்புத் தேடவேண்டி வரும்.

பிறகு முள். நெருஞ்சியும் உடைமுள்ளும் ரியூப்பை விடாது. ஒட்டுக் கடை இல்லாத ஊர்களே அதிகம், ஒட்டுச் சாமானும் பம்பும் கட்டாயம் வண்டியில் இருக்கட்டும்.

மின்சார சைக்கிள் எடுத்தால்?

பஸ்ஸின் கூரையில் சூரிய மின்பலகை இருந்தால் நல்ல யோசனைதான். பாரம் கூட, 20 முதல் 28 கிலோ வரை வரும், சட்டத்தை அதற்கேற்பச் செய்யவேண்டும். ஓடும்போது பற்றரியைக் கழற்றி உள்ளே எடுங்கள். பாரமும் குறையும், மழையும் படாது, களவெடுக்கிறவனுக்கும் பற்றரி இல்லாத சைக்கிளில் ஆசை குறையும்.

லிதியம் பற்றரிக்கு வெக்கை ஆகாது. சித்திரை நடுப்பகலில் கண்ணாடி மூடிய வண்டிக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். யன்னலோரத்தில் வைக்காதீர்கள், கட்டிலடியில் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள், வாசலை அடைக்கும் இடத்தில் வேண்டாம். மாதக்கணக்கில் பாவிக்காமல் விடுவதானால் பாதியளவு சார்ஜில் விடுங்கள். வீங்கிய பற்றரியை அன்றே வண்டியை விட்டு வெளியேற்றுங்கள்.

மடிக்கும் சைக்கிள்?

உள்ளே வைக்கச் சுலபம், தார் வீதிக்கு நல்லது. கிரவலிலும் மணலிலும் சின்னச் சில்லு ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும்பும். நான் வன்னிக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தலாமா?

ஏர்டாக் போன்ற வில்லைகள் பக்கத்தில் போகும் ஐபோன்களை வைத்துத்தான் இடத்தைச் சொல்லும். கொழும்பில் உதவும். ஒட்டுசுட்டான் காட்டு வீதியில் யாரும் ஐபோனோடு கடக்கும் வரை அது மௌனமாகவே இருக்கும். சிம் போடும் கருவி சிக்னல் உள்ள ஊர்களில் பயன்படும். அந்தக் காசை முதலில் நல்ல பூட்டில் போடுங்கள் என்பேன்.

களவு போய்விட்டால் முதலில் என்ன செய்வது?

அதற்கான வேலை வாங்கிய நாளிலேயே தொடங்கவேண்டும். பெடல் அச்சுக்குக் கீழே பிரேமில் ஒரு இலக்கம் அடித்திருக்கும், சிலதில் சீற் குழாயில் இருக்கும். அழுக்கைத் துடைத்து அதைப் படமெடுங்கள். முழு சைக்கிளையும், கீறல், ஒட்டு, மாற்றிய பெடல் போன்ற அடையாளங்களையும் எடுங்கள். பற்றுச்சீட்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனால், அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போடுங்கள். தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சுற்றியுள்ள சைக்கிள் திருத்தும் கடைகளுக்கும் பழைய இரும்பு எடுப்பவர்களுக்கும் படத்தைக் காட்டுங்கள். களவு போன சைக்கிள் அந்த இரண்டு இடங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். யாரிடமாவது கண்டால் நீங்களே போய்ப் பறிக்காதீர்கள். தெரியாமல் காசு கொடுத்து வாங்கிய ஏழை ஒருவராக இருக்கலாம்.

அப்பாவின் பழைய சைக்கிள் இருக்கிறது. அதையும் பின்னால் மாட்டிக்கொண்டு திரிய ஆசை. செய்யலாமா?

இதைக் கேட்பவர்களிடம் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. எரிபொருளும் பற்றரியும் உள்ளே விடப்படாத தொண்ணூறுகளில் வன்னியைச் சுமந்தது சைக்கிள்தான். விறகும் நெல்லும் போனது அதில், நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனது அதில். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டில் மிஞ்சிய எல்லாம் அதன் ஹாண்டிலில் தொங்கியது. 2009 இல் முள்ளிவாய்க்காலிலும் வட்டுவாகலிலும் அப்படிக் கொண்டுவந்த சைக்கிள்களையும் விட்டுவிட்டுத்தான் சனம் வெறுங்கையோடு கடந்தது. அதற்குப் பிறகும் ஒரு குடும்பத்தில் அப்பாவின் சைக்கிள் மிஞ்சியிருக்கிறது என்றால், அது சாதாரணப் பொருள் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அதைச் சட்டத்தில் மாட்டாதீர்கள். பழைய பிரேமின் பொருத்துகள் நாள்தோறும் நடுங்கினால் வெடிக்கும். ரலி, ஹம்பர் போன்ற பழைய சைக்கிளின் உதிரிப்பாகம் இப்போது தேடினாலும் கிடைப்பது கடினம். நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில், மழை படாத சுவரில், சில்லு நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். துடைத்து எண்ணெய் பூசி, ரயரில் பாதிக் காற்று விட்டு வையுங்கள். மண் சுவரானால் கறையான் வரும் மரக்கட்டையில் தொங்கவிடாமல் இரும்புக் கொளுக்கியில் தொங்கவிடுங்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் இறக்கி, காற்றடித்து, ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஓடாத சைக்கிள் உள்ளுக்குள் இறுகிவிடும்.

காலையில் புறப்படும் முன் எதைப் பார்க்கவேண்டும்?

சட்டத்தின் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பானர் போட்டுப் பாருங்கள், கையால் ஆட்டிப் பார்ப்பது போதாது. பெல்ட்டோ கயிறோ சில்லுக்குள் தொங்கக்கூடாது. ரப்பர் பட்டியை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் அது சீக்கிரம் வெடிக்கும். ஹாண்டிலில் மாட்டிய பை, தண்ணிப் போத்தல், காற்றடிக்கும் பம் எல்லாம் உள்ளே எடுங்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி பிறேக் லைட்டும் சிக்னலும் தெரிகிறதா என்று கேளுங்கள். கிரவலில் ஓடத் தொடங்கினால் முதல் ஐந்து கிலோமீற்றரில் ஒருதரம் இறங்கிச் சுற்றிப் பாருங்கள், அதற்குள்தான் பெரும்பாலும் கட்டு இளகும்.